கடல் கம்போ: எண்ணெய் பிரிஞ்சு மிதக்குது, குழம்பு தண்ணியா ஓடுது. எப்படிச் சரி பண்றது?

கேட்டி_மீனா | சனி, காலை 10:05

வணக்கம். அவசரமா ஒரு உதவி வேணும். சாயங்காலம் வீட்டுக்குப் பதினஞ்சு பேர் வராங்க, கடல் கம்போ (அமெரிக்காவுல லூசியானா பக்கத்து இறால், நண்டுக் குழம்பு) பண்றேன்னு சொல்லியாச்சு. ஒன்றரைக் கப் எண்ணெயில ஒன்றரைக் கப் மைதா போட்டு, மில்க் சாக்லேட் நிறம் வர்ற வரைக்கும் ரூ (எண்ணெயில வறுத்த மாவு) கிண்டினேன். வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் அதுலயே வதங்கிடுச்சு. இறால் ஓட்டுல எடுத்த ஸ்டாக் ஆறு லிட்டர் பக்கம் ஊத்தி முக்கால் மணி நேரமா கொதிக்குது.

இப்போ பார்த்தா மேல விரல் கனத்துக்கு எண்ணெய். அடியில மாவு மண்டியா தங்கியிருக்கு. நடுவுல இருக்கிறது ரசம் மாதிரி ஓடுது. இறால், நண்டு, ஆய்ஸ்டர் (சிப்பி) எதுவும் இன்னும் போடல. இதைக் காப்பாத்த முடியுமா, இல்ல முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

---

லஃபாயெட்_செல்வி | காலை 10:18

மீனா, கொட்டிடாதீங்க. இறால் இன்னும் உள்ள போகலைன்னா எதையும் சரி பண்ணலாம். ரெண்டு கேள்வி. ஸ்டாக் எந்தச் சூட்டுல ஊத்தினீங்க? மொத்தமா ஊத்தினீங்களா, கரண்டி கரண்டியாவா? அப்புறம், வாயில வச்சுப் பார்த்தா கசக்குதா?

---

கேட்டி_மீனா | காலை 10:24

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே மொத்தமா ஊத்தினேன் அக்கா. கசப்பு இல்ல. வாசனை நல்லாவே இருக்கு.

---

லஃபாயெட்_செல்வி | காலை 10:41

கசக்கலைன்னா ரூ நல்லா இருக்குன்னு அர்த்தம். அதுதான் முக்கியம். இப்போ இதைச் செய்யுங்க.

தீயைக் கூட்டி நல்லா தளதளன்னு கொதிக்க விடுங்க. தட்டையான மரக்கரண்டியால அடியைச் சுரண்டி மாவு மண்டியைக் கிளப்பி விடுங்க. பத்து நிமிஷம் அப்படிக் கொதிச்சாலே பாதி மாவு திரும்பக் கரைஞ்சு கலந்துடும். அப்புறம் தீயைக் குறைச்சு, பாத்திரத்தை அடுப்புல ஒரு பக்கமா தள்ளி வைங்க. கொதி ஒரு ஓரத்துல மட்டும் வரும், எண்ணெய் எதிர் ஓரத்துல ஒதுங்கும். அதைக் குழிக்கரண்டியால வழிச்சு ஒரு கிண்ணத்துல சேருங்க. கீழே கொட்டிடாதீங்க, அந்த எண்ணெய்லதான் ரூவோட வாசனையும் நிறமும் இருக்கு.

அந்த எண்ணெய்ல அரைக் கப் எடுத்து வேற சட்டியில மெதுவா சூடு பண்ணுங்க. தண்ணி கலந்திருக்கும், முதல்ல தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தெறிக்கிறது நின்னதும் அரைக் கப் மைதா போட்டு, வேர்க்கடலை வெண்ணெய் நிறம் வர்ற வரைக்கும் மட்டும் கிண்டுங்க. அதுக்கு மேல வேண்டாம். கொதிக்கிற கம்போ ரெண்டு கரண்டி அதுல விட்டுக் கட்டியில்லாம கரைச்சு, பெரிய பாத்திரத்துல ஸ்பூன் ஸ்பூனா போடுங்க. ஒவ்வொரு ஸ்பூனும் கரைஞ்ச பிறகுதான் அடுத்தது. அப்புறம் மூடாம நாற்பது நிமிஷம் லேசான கொதியில விடுங்க.

அளவும் ஒரு காரணம். ஒரு கப் மைதா போட்ட கருத்த ரூவுக்கு ரெண்டரையிலிருந்து மூணு லிட்டர் ஸ்டாக்தான் தாங்கும். உங்களுக்கு நாலு, நாலரை லிட்டர் போதுமா இருந்திருக்கும்.

---

மாவுச்சத்து | காலை 11:02

செல்வி சொன்னது சரியான வழி. ஏன் இளம் நிறத்திலேயே நிறுத்தச் சொன்னார் என்பதற்கு மட்டும் விளக்கம் சேர்க்கிறேன், ஏனென்றால் இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

குழம்பைக் கெட்டியாக்குவது மைதாவின் ஸ்டார்ச். அது நீண்ட சங்கிலியாக இருக்கும்வரைதான் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரூவை வறுக்க வறுக்கச் சங்கிலி துண்டு துண்டாக உடைகிறது. நிறமும் வறுத்த மணமும் ஏறுகின்றன, கெட்டியாக்கும் வலு இறங்குகிறது. ஆகவே கறுப்புச் சாக்லேட் நிற ரூ சுவைக்காக, வெளிர் ரூ கெட்டிக்காக. குழம்பு தண்ணீராக இருக்கிறதே என்று ரூவை இன்னும் கருக வறுத்துச் சேர்த்தால் இன்னும் நீர்த்துத்தான் போகும்.

எண்ணெய் மிதப்பது முழுக்க முழுக்கக் குற்றமல்ல. நன்றாகச் செய்த கம்போவிலும் ஒரு மணி நேரக் கொதிக்குப் பிறகு கொஞ்சம் எண்ணெய் மேலே வரும். உடைந்த ஸ்டார்ச்சால் எல்லா எண்ணெயையும் பிடித்து வைக்க முடியாது. வழித்து எடுத்தால் போதும். அடியில் மாவு படிவதுதான் உண்மையான பிரிவு. குளிர்ந்த ஸ்டாக்கை ஒரேயடியாக ஊற்றும்போது ரூ இறுகிக் கட்டியாகி உட்கார்ந்துவிடுகிறது.

சோளமாவைக் கரைத்து ஊற்றலாமா என்று யாராவது கேட்பார்கள். கெட்டியாகும். ஆனால் பளபளவென்று வழுக்கும் ஒரு பதம் வரும், கம்போவின் பதம் அதுவல்ல. மீண்டும் சூடாக்கும்போது நீர்த்தும் போகும். நான் போடமாட்டேன்.

---

டல்லஸ்_ரவி | காலை 11:15

இடையில் ஒரு சந்தேகம். ரூவுல கருப்புப் புள்ளி புள்ளியா வந்தா என்ன பண்றது? வடிகட்டினா சரியாகுமா?

---

லஃபாயெட்_செல்வி | காலை 11:22

ஆகாது ரவி. புள்ளி தெரிஞ்சா மாவு தீஞ்சுடுச்சு, கசப்பு எண்ணெய் முழுக்க இறங்கியிருக்கும். சர்க்கரை போட்டாலும் போகாது, தக்காளி போட்டாலும் போகாது. அந்த ஒரு கப் மைதாவை விட்டுடுங்க. அதை நம்பி ஊத்தப்போற ஸ்டாக்கும் நண்டும் எவ்வளவு விலைன்னு யோசிங்க. சட்டியை நல்லாக் கழுவித் துடைச்சு, முதல்ல இருந்து.

தீயாம இருக்கணும்னா வெண்ணெய் வேண்டாம், அது சீக்கிரம் கருகும். கடலை எண்ணெய், கனோலா மாதிரி சூடு தாங்குற எண்ணெய். அடிகனமான சட்டி. நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழ தீ, முக்கால் மணி நேரம், கை நிக்கக் கூடாது. போன் வந்தாலும் எடுக்கக் கூடாது. நிறம் நீங்க விரும்புறதுக்கு ஒரு படி முன்னாடியே வெங்காயத்தைக் கொட்டிடணும். வெங்காயத்துத் தண்ணி சூட்டை இறக்கும், ஆனா அந்தச் சில நொடியிலயே ரூ இன்னொரு படி கருக்கும்.

---

மெட்டாரி_குமார் | காலை 11:34

நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துல இருந்து ஒரு குரல். அவசரக்காரங்களுக்கு வேற வழியும் இருக்கு. பால் புருதோம் 1979-ல ஃபிரெஞ்ச் குவார்ட்டர்ல கே-பால்ஸ் உணவகத்தை ஆரம்பிச்சவர். அவர் எண்ணெயைப் புகை வர்ற அளவுக்குச் சூடாக்கி, மாவைக் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுச் சேர்த்து, சில நிமிஷத்துலயே ரூவை முடிப்பார். ருசியில எந்தக் குறையும் இல்ல. ஆனா வீட்டுல குழந்தைங்க ஓடிட்டிருந்தா தயவுசெய்து வேண்டாம். மேல தெறிச்சா ஒட்டிக்கிட்டு எரியும். இங்க சமையல்காரங்க ரூவை கேஜன் நாப்பாம்னு சொல்றது அதனாலதான் (கேஜன்னா லூசியானாவுல குடியேறின பிரெஞ்சு வம்சாவளி மக்கள், நாப்பாம்னா ஒட்டிக்கிட்டு எரியற குண்டு).

நான் ஓவன்ல பண்றேன். கனமான இரும்புப் பாத்திரத்துல எண்ணெயும் மாவும் கலந்து 350 டிகிரி ஃபாரன்ஹீட், ஒன்றரையிலிருந்து ரெண்டு மணி நேரம். அப்பப்போ எடுத்து ஒரு கிண்டு. தீயற வாய்ப்பு ரொம்பக் குறைவு, அந்த நேரத்துல இறால் உரிச்சுடலாம்.

மீனா, வெண்டைக்காய் போடுறீங்களா?

---

கேட்டி_மீனா | மதியம் 12:20

முதல்ல நன்றி சொல்லிடுறேன். செல்வி அக்கா சொன்னபடியே பண்ணினேன். வழிச்ச எண்ணெய் ஒரு கப்புக்கு மேல வந்துச்சு. புது ரூ கரைஞ்சதும் மண்டி காணாம போச்சு, இப்போ கரண்டியோட பின்பக்கம் ஒட்டுது.

வெண்டைக்காய் இருக்கு குமார். ரெண்டு பவுண்டு வாங்கி வச்சிருக்கேன். கொழகொழன்னு ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

---

மெட்டாரி_குமார் | மதியம் 12:33

பச்சையா குழம்புல போட்டாத்தான் அந்தப் பயம். தனியா அகலமான சட்டியில எண்ணெய் விட்டு, வட்டமா நறுக்கினதைப் பரப்பி, நூல் நூலா இழுக்குறது நிக்கிற வரைக்கும் வதக்குங்க. ரெண்டு பவுண்டுக்கு அரை மணி நேரமாவது ஆகும். குவிச்சுப் போட்டா வேகும், வதங்காது. ஆகவே ரெண்டு ஈடா போடுங்க. கழுவி நல்லாத் துடைச்ச பிறகு நறுக்கணும். இதெல்லாம் நம்ம வீட்டுல வெண்டைக்காய் புளிக்குழம்புக்குப் பார்த்து வளர்ந்ததுதான். புளி செய்யற வேலையை இங்க தக்காளியோ ஒரு ஸ்பூன் வினிகரோ செய்யும்.

பூச்சு இல்லாத இரும்புச் சட்டியில மட்டும் வதக்காதீங்க. வெண்டைக்காய் கறுத்துப் போயிடும்.

நான் அதோட ஒரு கப் பழுத்த தக்காளியும் சேர்ப்பேன். நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் (பல இனக் கலப்புள்ள பழைய நகரத்து மக்கள்) வீடுகள்ல கடல் கம்போவுக்கு வெண்டைக்காயும் தக்காளியும் சேர்ந்து வர்றது பழைய வழக்கம்.

---

லஃபாயெட்_செல்வி | மதியம் 12:40

குமார், இந்தப் பக்கம் வந்து கம்போவுல தக்காளின்னு சொல்லிப் பாருங்க. லஃபாயெட்ல என் பக்கத்து வீட்டுப் பாட்டி கரண்டியைக் கீழ வச்சுடுவாங்க. கேஜன் கம்போவுக்கு நிறமும் ருசியும் ரூவுலயும் ஸ்டாக்குலயும் இருந்து வரணும்ங்கிறது இங்க உறுதியான நம்பிக்கை. நானும் அந்தக் கட்சிதான். தக்காளி இறாலோட இனிப்பை அமுக்கிடும்.

---

மெட்டாரி_குமார் | மதியம் 12:52

அளவு மீறினா அமுக்கும், ஒத்துக்கிறேன். ஆனா தப்புன்னு சொல்லாதீங்கக்கா. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளாக் கொண்டுவரப்பட்டவங்களோட வந்தது. குழம்பைக் கெட்டியாக்கப் போடுற ஃபிலே பொடி சோக்டா பூர்வகுடி மக்கள் கொடுத்தது. ரூ பிரெஞ்சுக்காரங்களோடது. இத்தனை கை சேர்ந்த பாத்திரத்துல ஒரே ஒரு முறைதான் சரின்னு எப்படிச் சொல்றது? நியூ ஆர்லியன்ஸ் ட்ரெமே பகுதியில டூக்கி சேஸ் உணவகத்தை நடத்தின லியா சேஸ் அம்மா, 2019-ல 96 வயசுல காலமானாங்க. புனித வியாழன் அன்னிக்கு அங்க பரிமாறுற கீரைக் கம்போவுக்கு ஊரே வரிசையில நிக்கும். ஒரே உணவகத்துலயே கம்போ ஒண்ணு இல்ல.

---

லஃபாயெட்_செல்வி | மதியம் 12:58

அந்த அம்மா பேரைச் சொன்ன பிறகு நான் எதிர்த்துப் பேசமாட்டேன். மீனா, தக்காளி உங்க விருப்பம். ஆனா ஃபிலே போடுறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. சாஸஃப்ராஸ் இலைப்பொடி அது, கொதிக்கிற குழம்புல போட்டா சவ்வு மாதிரி இழுக்கும். அப்படி ஆனதைத் திருப்ப வழி இல்ல. அடுப்பை அணைச்ச பிறகு, இல்லைன்னா அவங்கவங்க கிண்ணத்துல ஒரு சிட்டிகை. வெண்டைக்காய் நிறையப் போட்டிருந்தா ஃபிலே தேவையே இல்ல.

---

பிலாக்ஸி_அந்தோணி | மதியம் 1:25

தாமதமா வந்துட்டேன். எல்லாரும் ரூவைப் பத்தியே பேசியாச்சு. எனக்குக் கவலையெல்லாம் இறால் மேலதான். தூத்துக்குடியில பிறந்து, இப்போ மிசிசிப்பி கரையில இருக்கேன். நிறைய வீட்டுல, நிறையக் கடையில சாப்பிட்ட கம்போவுல ரூ அருமையா இருக்கும், இறால் மட்டும் ரப்பரா இருக்கும். கடல் தர்ற பொருளை அப்படி வீணாக்குறதைப் பார்த்தா மனசு கேக்காது.

மீனா, எது எப்போ உள்ள போகணும்னு சொல்றேன். ஓடு உள்ள நண்டு முதல்ல. நீல நண்டை ரெண்டாப் பிளந்து, செவுளைப் பிச்சுப் போட்டு, மஞ்சள் கொழுப்பை விடாம எடுத்து அதையும் சேருங்க. அது இப்பவே போகலாம், அரை மணி நேரம் கொதிச்சாலும் நல்லதுதான், ஓட்டுல இருந்து சாறு இறங்கும். வதக்கின வெண்டைக்காயும் அப்பவே. உதிர்த்த நண்டுச் சதை கடைசியில, கிண்டாம. அடிச்சுக் கிண்டினா நாராப் போயிடும்.

இறாலை விருந்தாளிங்க வந்து உட்கார்ந்த பிறகுதான் போடணும். நல்லா ஒரு கொதி வரவிட்டு, இறாலைக் கொட்டி ஒரு கிண்டு கிண்டி, அடுப்பை அணைச்சு மூடிடுங்க. பவுண்டுக்கு இருபது இருபத்தஞ்சு நிக்கிற அளவு இறாலுக்கு அஞ்சாறு நிமிஷம் போதும். அவ்வளவு பெரிய பாத்திரத்துச் சூடே வேகவச்சுடும். கண்ணாடி மாதிரி இருந்தது வெள்ளையாகி, லேசா வளைஞ்சா வெந்தாச்சு. இறுக்கிச் சுருண்டுட்டா தாண்டிப் போச்சு. ஆய்ஸ்டரும் அதே நேரம்தான், ஓரம் சுருங்கினா சரி. ஆனா அது முழுசா வேகணும். ஈரல் கோளாறு உள்ளவங்க யாராவது வந்தா பச்சையா, அரைவேக்காட்டுல கொடுக்கவே கூடாது. விப்ரியோ கிருமி அவங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

---

டல்லஸ்_ரவி | மதியம் 1:40

ஏற்கனவே ரப்பர் ஆயிடுச்சுன்னா?

---

பிலாக்ஸி_அந்தோணி | மதியம் 1:47

திரும்ப மெதுவாகாது தம்பி. இன்னும் வேகவச்சா மெதுவாகும்னு சிலர் சொல்வாங்க, அது ஆட்டுக்கறிக்குச் சரி, இறாலுக்கு இல்ல. எல்லாத்தையும் அரிச்சு எடுத்துப் பொடியா நறுக்கித் திரும்பப் போடுங்க, ருசியாவது குழம்புல நிக்கும். கைவசம் இன்னும் கொஞ்சம் பச்சை இறால் இருந்தா பரிமாறும்போது புதுசாச் சேருங்க.

உறைஞ்ச இறால் வாங்கினா பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிங்க. சோடியம் ட்ரைபாலிஃபாஸ்பேட்னு இருந்தா அது தண்ணி பிடிச்சுக்க வச்சிருக்கு, பாத்திரத்துல போட்டதும் அத்தனையும் வெளிய வந்து கம்போவைத் தண்ணியாக்கும். முழுசா பனி விட்டு, வடிச்சு, துணியில ஒத்தி எடுத்துப் போடுங்க. மெக்சிகோ வளைகுடா இறால் தலையோட கிடைச்சா அதைவிட நல்லது வேற இல்ல. வெள்ளை இறால் ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நல்லா வரும். தலையை எறியாதீங்க, அதுலதான் ஸ்டாக்கே இருக்கு. எண்ணெய்ல ஓட்டையும் தலையையும் சிவக்க வறுத்துட்டு, தண்ணி ஊத்தி முப்பதிலிருந்து நாற்பத்தஞ்சு நிமிஷம். அதுக்கு மேல போனா சுண்ணாம்பு வாடையும் லேசான கசப்பும் வரும்.

---

கேட்டி_மீனா | மதியம் 2:30

வெண்டைக்காய் வதங்கி உள்ள போயாச்சு, நண்டும் போட்டாச்சு. தக்காளி அரைக் கப் மட்டும் சேர்த்தேன், ரெண்டு பேரும் மன்னிக்கணும். இப்போ ருசி பார்த்தா ஏதோ ஒண்ணு குறையுது. கடல் வாசனை மேலோட்டமா இருக்கு. உப்பு போடலாம்னு கை போகுது.

---

லஃபாயெட்_செல்வி | மதியம் 2:41

உப்பு வேண்டாம், பொறுங்க. நண்டுல இருந்தும் ஆய்ஸ்டர் தண்ணியில இருந்தும் இன்னும் உப்பு வரும், குழம்பும் சுண்டும். ஆய்ஸ்டரோட வர்ற தண்ணியை வடிகட்டி அதை இப்போ சேருங்க, உப்பும் கடல் வாசனையும் சேர்ந்தே வரும். கிரியோல் மசாலாப் பொடி போட்டிருந்தா அதுல பாதி உப்புதான்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போடுங்க. உப்பைக் கடைசி அஞ்சு நிமிஷத்துல பார்க்கலாம்.

---

பிலாக்ஸி_அந்தோணி | மதியம் 2:55

வீட்டுல சென்னாக்குன்னி இருக்கா? ஊர்ல இருந்து யாராவது கொண்டு வந்தது? சிரிக்காதீங்க, லூசியானா சதுப்பு நிலக் கிராமங்கள்ல காய்ஞ்ச இறால் போட்ட கம்போ உண்மையாவே உண்டு. பாரடாரியா விரிகுடாவுல தண்ணி மேல கால் ஊன்றிக் கட்டின மணிலா வில்லேஜ்னு ஒரு குடியிருப்பு இருந்துச்சு. ஃபிலிப்பைன்ஸ்காரங்க அங்க பெரிய மரத்தளங்கள்ல இறாலைப் பரப்பிக் காய வச்சாங்க, தூர நாடுகளுக்கெல்லாம் போச்சு. 1965-ல பெட்ஸி சூறாவளி அந்த ஊரையே அழிச்சுடுச்சு. ஆனா காய்ஞ்ச இறால் இன்னமும் லூசியானா மளிகைக் கடைகள்ல பொட்டலமாத் தொங்கும்.

ஒரு கைப்பிடியை வெறும் சட்டியில வாசம் வர வறுத்து, பாதியைப் பொடிச்சுப் போடுங்க. மீதி முழுசா. இருபது நிமிஷம் கொதிக்கட்டும்.

---

மாவுச்சத்து | மாலை 3:10

உப்பு பற்றி ஒரு வார்த்தை, யாராவது கூடுதலாகப் போட்டுவிட்டு இந்த இழையைத் தேடி வரக்கூடும் என்பதால். உருளைக்கிழங்கு போட்டால் உப்பு குறையும் என்பார்கள், ஆனால் அது உப்பைத் தனியாக உறிஞ்சாது. குழம்பை அப்படியே உப்போடும் தண்ணீரோடும்தான் உறிஞ்சும், மிச்சக் குழம்பின் உப்பு அதே அளவில்தான் நிற்கும். உப்பில்லாத ஸ்டாக்கை ஊற்றி, நீர்த்துப் போனதற்குக் கொஞ்சம் வெளிர் ரூ சேர்ப்பதுதான் வழி. சோற்றை உப்பில்லாமல் வடித்தால் மேலும் சமன்படும்.

---

கேட்டி_மீனா | இரவு 10:48

எல்லாருக்கும் நன்றி. அந்தோணி அண்ணா, அம்மா அனுப்பின சென்னாக்குன்னி டப்பா இருந்துச்சு. அதுதான் குறைஞ்சிருந்த விஷயம். போட்டு இருபது நிமிஷத்துல வாசம் வேற மாதிரி ஆயிடுச்சு. இறாலை எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் போட்டேன். உப்பு கால் ஸ்பூன்தான் தேவைப்பட்டுச்சு. லேக் சார்ல்ஸ்ல வளர்ந்த என் அலுவலகத் தோழி ரெண்டாவது தடவை வாங்கி, சோத்துக்குப் பதிலா உருளைக்கிழங்கு சாலட் மேல ஊத்திச் சாப்பிட்டாங்க.

இப்போ பாத்திரத்துல பாதி மிச்சம் இருக்கு, மூடி வச்சிருக்கேன். ராத்திரி வெளிய இருந்தா பரவாயில்லையா?

---

மெட்டாரி_குமார் | இரவு 10:53

மூடியை இப்பவே எடுங்க! மூடின பெரிய பாத்திரத்துல கம்போ காலைக்குள்ள புளிச்சு நுரைச்சுடும். கெட்டியா இருக்கிறதால நடுவுல சூடு மணிக்கணக்கா நிக்கும், கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. புளிச்சதைக் கொதிக்க வச்சாலும் திங்கக் கூடாது. அடுப்பை அணைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகணும், எப்போ அணைச்சீங்க?

---

கேட்டி_மீனா | இரவு 10:57

ஒன்பதரைக்கு.

---

லஃபாயெட்_செல்வி | இரவு 11:01

அப்போ நேரம் இருக்கு. சிங்க்ல ஐஸும் தண்ணியும் நிரப்பிப் பாத்திரத்தை இறக்கிக் கிண்டுங்க. ஆவி அடங்கினதும் ரெண்டு அங்குல உயரத்துக்கு மேல போகாம தட்டையான டப்பாக்கள்ல பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, மூடியை நல்லா ஆறின பிறகு போடுங்க. ஊத்தும்போது இறாலையும் ஆய்ஸ்டரையும் அரிச்சு வேற டப்பாவுல எடுத்துடுங்க. நாளைக்குக் குழம்பை மட்டும் நல்லாக் கொதிக்க வச்சு, அடுப்பை அணைச்சுட்டு அதைச் சேர்த்து மூடி வைங்க, ஆவி பறக்கச் சூடான பிறகு பரிமாறலாம். ஃப்ரீஸர்ல வைக்கிறதா இருந்தா குழம்பும் நண்டும் மட்டும் போகட்டும். இறாலை அடுத்த தடவை புதுசா வாங்கிக்கலாம்.